தபால்காரரின் சேட் என்ன நிறம்?

போன வைகாசியில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கேற்றுக் கம்பிக்குள் ஒரு துண்டு செருகியிருந்தது. பதிவுத் தபால் ஒன்று வந்ததாம், வீட்டில் ஆள் இல்லையாம், தபால் கந்தோருக்கு வந்து கையெழுத்து வைத்து எடுக்கட்டாம். ஆள் இல்லை என்பது சரியில்லை. அம்மா காலை முழுதும் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு முருங்கையிலை உருவிக்கொண்டு இருந்தவர். எண்பத்தொரு வயதிலும் ஒழுங்கை முகப்பில் யார் செருமினாலும் அவருக்குக் கேட்கும். "ஆரும் வந்தவையோ அம்மா?" என்று கேட்டேன். "ஓம், ஒரு பொடியன் மோட்டச்சைக்கிளில வந்து கேற்றைத் தட்டினவன். நான் உள்ளுக்குப் போய்க் கதவைப் பூட்டிப்போட்டன்." தபால் என்று அவன் சொல்லவில்லையா என்று கேட்டேன். "சொன்னவன்தான். ஆர் வேணுமெண்டாலும் சொல்லலாம்தானே."

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். வங்கிக் கடிதம். என்னிடம் ஏற்கெனவே இருந்த ஒரு விபரத்தை எனக்கே அறிவித்திருந்தார்கள். எரிச்சலோடு வெளியே வர, அந்தப் பொடியன் வேப்பமர நிழலில் தன் மோட்டச்சைக்கிள் சீற்றில் கடிதங்களை ஒழுங்கை ஒழுங்கையாக அடுக்கிக்கொண்டு நின்றான். கறுப்பு ரீசேட், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், ரப்பர்ச் செருப்பு. "தம்பி, உம்மட கோலத்தைப் பார்த்தால் ஆர் தபால்காரன் எண்டு நம்புவினம்?" என்று கேட்டேவிட்டேன். அவன் கோபிக்கவில்லை. "அண்ணை, நான் பதிலாள். ஆக்கள் லீவு போட்டால்தான் எனக்கு வேலை. உடுப்பு ஆர் தரப்போயினம்?" என்று சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

அன்றிரவே பேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதினேன். தபால்காரர் என்றால் ஒரு உடுப்பு வேண்டும், அந்த உடுப்புக்கு ஒரு மரியாதை இருந்தது, இப்போது எல்லாம் போய்விட்டது என்கிற மாதிரி. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிற என் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் வரிசையில் வந்து "அது ஒரு காலமடா" என்று கண் கலங்கினார்கள். எனக்கும் ஒரு திருப்தி. இந்தக் கட்டுரை அந்தப் பதிவுக்கான திருத்தம். கொஞ்சம் நீண்டுபோன திருத்தம்.

நான் எழுதிய சேட்

அந்தப் பதிவில் எங்கள் ஒழுங்கைத் தபால்காரரை நான் இப்படி எழுதியிருந்தேன்: மூடி வைத்த இரண்டு பொக்கற்றுகளுடன் ஒரு காக்கிச் சேட். இடப்பக்கப் பொக்கற்றில் ஒரு நீலப் பேனை, ஒரு சிவப்புப் பேனை. வியர்வையில் ஒரு சாயல் கறுத்துப்போன கழுத்துப் பட்டி. தோளில் குறுக்கே தொங்கும் பை. படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இரண்டு தரம் மணி அடிப்பார். பேனைகளின் நிறம் வரை எனக்கு ஞாபகம் இருந்தது. யாராவது சந்தேகப்பட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

காக்கியைப் பற்றியும் கொஞ்சம் அறிவு காட்டியிருந்தேன். பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி. 1846இல் பெஷாவரில் வெள்ளைக்காரர் திரட்டிய கைட்ஸ் படையில்தான் வெள்ளைத் துணியைப் புழுதி நிறத்தில் தோய்த்து உடுக்கும் வழக்கம் படைகளுக்குள் வந்தது. தூரத்தில் நிற்பவன் கண்ணுக்கு ஆள் தெரியக்கூடாது என்பதற்காகப் பிறந்த நிறம் அது. ஊரில் எல்லார் கண்ணிலும் படவேண்டிய ஒரு மனிதனுக்கு அதையே மாட்டிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமத்துக்கு அது தோதான நிறம்தான். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணைச் சோளகக் காற்று கிளப்பும் மாதங்களில், காலையில் உடுத்த வெள்ளை வேட்டி பின்னேரம் சாமியார் வேட்டியாகிவிடும். காக்கியில் அவ்வளவு தெரியாது. புழுதி நிறத்தில் புழுதி படிந்தால் யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் எழுத நினைத்து, நீளம் கருதி விட்டுவிட்டேன். அதை இங்கே சொல்லலாம், பிறகு தேவைப்படும்.

பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு குருவி

பெரியண்ணா 1985 தையில் லண்டனுக்குப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது. முதல் மார்கழியில் அவரிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. பனி மூடிய ஒரு மரக்கட்டையில் நெஞ்சு சிவந்த சின்னக் குருவி ஒன்று, சொண்டில் ஒரு கடித உறை. எங்களுக்கும் நத்தாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கடையில் மலிவாகக் கிடைத்திருக்கும், வாங்கி அனுப்பியிருப்பார். அம்மா அதைச் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பாச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, செண்பகம் என்று தீர்ப்புச் சொன்னார். செண்பகம் ஏன் காயிதம் கொண்டுவருகிறது என்று நான் கேட்டதற்கு, அந்த ஊரில் அப்படித்தான் என்றார்.

அப்பாச்சி அவ்வளவு பிழையாகச் சொல்லவில்லை. லண்டன் தபால்காரர்களுக்கு 1793இல் முதன்முதலாக உடுப்புக் கொடுத்தபோது அது செக்கச் சிவந்த கோட்டு. சிவப்புக் கோட்டோடு வீடு வீடாகத் திரிந்தவர்களை அந்த ஊர்ச் சனம், நெஞ்சு சிவந்த அந்தக் குருவியின் பெயராலேயே 'ரொபின்' என்று கூப்பிட்டது. நத்தார் அட்டைகள் பெருகிய காலத்தில் அட்டை வரைந்தவர்கள் தபால்காரருக்குப் பதிலாகக் குருவியையே வரைந்துவிட்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்திய விசயம் வேறு. 1861இல் அந்தக் கோட்டு நீலமாகிவிட்டது. அதாவது எங்கள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வந்து குந்திய குருவி, கழற்றி நூறு வருசத்துக்கு மேலாகிவிட்ட ஒரு கோட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. வீதியில் நடந்தவன் நீலத்துக்கு மாறிவிட்டான். அட்டையில் மாறவில்லை.

இதை வாசித்தபோது வெள்ளைக்காரனின் ஞாபகத்தைப் பற்றிச் சிரித்தேன்.

தகரப் பந்தலுக்குக் கீழே

ஆடியில் எங்கள் உறவுக்குள் ஒரு செத்த வீடு. தகரப் பந்தலுக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரைகள், பறை ஓய்ந்த இடைவெளி, தட்டத்தில் வெற்றிலை. பக்கத்துக் கதிரையில் வேட்டியும் தோளில் ஒரு சால்வையுமாக ஒரு முதியவர். என்னை இரண்டு மூன்று தரம் பார்த்தார். "நீர் லண்டன்காரற்ற கடைசித் தம்பிதானே?" என்றார். ஓம் என்றேன். எனக்கு ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை. "உங்கட கொண்ணற்ற காயிதம் முழுக்க நான்தான் கொண்டுவந்து தந்தது" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு முன்னர் யாரைப் பற்றி உருகி எழுதினேனோ அந்த மனிதர் ஒரு முழத்துக்குள் இருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. சமாளிப்பதற்காக, "அந்தக் காக்கிச் சேட் இல்லாமல் உங்களை அடையாளம் தெரியேல்லை அண்ணை" என்றேன்.

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "எந்தக் காக்கிச் சேட்?"

எண்பத்தாறு மாரியில் நடந்த கதையை அப்போதுதான் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன். "எண்பத்தஞ்சு, எண்பத்தாறில பொலிஸ்காரர் ஸ்ரேசனை விட்டு வெளியில வாறேல்லை தம்பி. வந்தால் திரும்பிப் போக மாட்டினம். காக்கியோட ரோட்டில திரிஞ்ச ஒரே ஆள் நான்தான். மனுசி ஒவ்வொரு நாளும் சொல்லுவா, நான் கேக்கேல்லை. கவுண்மேந்து உடுப்பு, அதைக் கழட்டினால் வேலையையே கழட்டினமாதிரி எண்டு எனக்கொரு எண்ணம். அண்டைக்கு மழையால பிந்திப்போச்சு. பனங்கூடலுக்கு அங்கால ஒரு வீட்டுக்குக் கடைசிக் காயிதம். மைமல் பட்டிட்டுது. பனையொண்டுக்குப் பின்னாலயிருந்து 'நில்' எண்டு ஒரு குரல். பார்த்தால் துவக்கு. பின்னால ஒரு சின்ன இயக்கப் பொடியன், பதினேழு இருக்கும். எனக்கு வாய் வரேல்லை. நான் தபால் எண்டு சொல்லவேணும், நாக்கு மேலண்ணத்தில ஒட்டிப்போச்சு. பெருவிரல் மட்டும் மணியில கிடந்தது. அடிச்சன். விடாமல் அடிச்சன். ஊரிலயிருந்த நாய் எல்லாம் குலைச்சுது. படலையளைத் திறந்துகொண்டு சனம் வந்துது. ஒரு மனுசி, 'அடேய், அது எங்கட தபால்காரரடா' எண்டு கத்தினவ."

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். "அவன் துவக்கை முதுகுக்குப் பின்னால கொண்டுபோனான். கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு கிட்ட வந்து ஒரு ஊரின்ர பேரைச் சொல்லி, 'அண்ணை, அங்கத்தைக் காயிதமும் உங்களிட்டயோ வாறது?' எண்டு கேட்டான். இல்லை, அது வேற கந்தோர் எண்டன். சரி எண்டுபோட்டுப் போனான்."

திருவிதாங்கூரில் முற்காலத்தில் அஞ்சல் ஓட்டக்காரர்கள் மணி கட்டிய கோலோடு ஓடினார்களாம், வழியில் நிற்பவர்கள் விலகட்டும் என்று. இவரின் மணி நேர்மாறான வேலை செய்திருக்கிறது. சனத்தைக் கூட்டியிருக்கிறது.

அடுத்த நாளிலிருந்து அவர் வெள்ளைச் சேட். காக்கிச் சேட்டுகள் இரண்டும் மடித்து அலுமாரிக்குள். இந்தியன் ஆமி வந்தது, போனது, சண்டை தொடங்கியது, பொருளாதாரத் தடை வந்தது. அவர் வெள்ளைச் சேட்டோடுதான் திரிந்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்துக்கால் தென்மராட்சிக்கு நகர்ந்தபோதும் அந்தச் சேட்டுகள் அலுமாரியில்தான் கிடந்தன. அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் கதவு நிலைகூட இல்லை. அலுமாரி இல்லை. காக்கி மட்டும் ஒரு மூலையில் சுருண்டுபோய்க் கிடந்தது. அதை எடுக்க ஒருவருக்கும் துணிவில்லாமல் இருந்திருக்கும். பூச்சி அரித்த இடங்களை அவருடைய மனைவி தைத்துக் கொடுத்திருக்கிறார். அப்போது சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் சென்றி. அடையாள அட்டையை எடுக்கமுதலே, காக்கியையும் பையையும் கண்டதும் "தபால், போ" என்று கையைக் காட்டுவார்களாம். "அதே சேட்தான் தம்பி. எண்பத்தாறில போட்டிருந்தால் சாவு. தொண்ணூத்தாறில போடாட்டில் சாவு." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிரேதம் எடுக்கப் போகிறார்கள் என்று யாரோ கூப்பிட, எழும்பிப் போனார்.

நான் இருந்த இடத்தில் இருந்து விரல் விட்டு எண்ணினேன். அண்ணா போனது எண்பத்தைந்து. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிற கடிதங்கள் எல்லாம் எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் இடையில் வந்தவை. பனிக்குள் அண்ணா நின்ற படம் வந்த கடிதம், அவருக்கு வேலை கிடைத்த செய்தி, அப்பாச்சி செத்ததற்கு நாங்கள் எழுதியதுக்குப் பதில் என்று மாதக் கணக்கில் பிந்தி வந்த அந்த நீல ஏரோகிராம். ஒவ்வொன்றையும் கொண்டுவந்து தந்தவர் வெள்ளைச் சேட் போட்ட ஒருவர். நானோ அத்தனை பேப்பர்களையும் ஒரு காக்கிச் சேட்டின் கையில் கொடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பேனைகளோடு. எனக்கு ஒன்பது, பத்து வயதில் பார்த்த உடுப்பாக இருக்கலாம். பிறகு பார்த்த படங்களிலிருந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். வெள்ளைக்காரன் குருவிக்குக் கோட்டு மாற்ற மறந்ததற்குச் சிரித்தவன் நான்.

அம்மாவுக்குத் தெரிந்தது

வீட்டுக்கு வந்து தோய்ந்துவிட்டு முதல் வேலையாக அம்மாவிடம் கேட்டேன். தபால்காரர் என்ன உடுப்பு அம்மா போடுறவர்? "வெள்ளைச் சேட்தானே. அரைக்கை. முதுகிலை எப்பவும் செம்மண் கோடு ஒண்டு இழுத்திருக்கும்." ஏன் கோடு? "அவற்ற சைக்கிளுக்குப் பின் மட்காட் இல்லையெல்லே. அப்ப எங்க சாமான் வாங்கிறது?" நான் பேனைகளின் நிறம் வரை இட்டுக்கட்டிக்கொண்டு இருந்தேன். அம்மா மட்காட்டை ஞாபகம் வைத்திருந்தார்.

அப்படியென்றால் உடுப்பில்லாத ஒரு தபால்காரருக்குப் பத்து வருசம் படலை திறந்தவர், இந்தப் பொடியனுக்கு ஏன் திறக்கவில்லை? கேட்டேன். அம்மா என்னை விசரன் மாதிரிப் பார்த்தார். "முகம் தெரியேல்லை மோனை. தலையில அந்தக் கறுத்தச் சட்டியைக் கவிட்டுக்கொண்டு நிண்டவன்."

ரீசேட்டை அவர் கவனிக்கவே இல்லை. ஜீன்ஸ் கிழிந்திருந்ததையும் கவனிக்கவில்லை. ஹெல்மெற். இது எனக்குத் தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். வாள்வெட்டுச் செய்தி வராத வாரம் இங்கே குறைவு. ஒவ்வொரு செய்தியிலும் மோட்டச்சைக்கிளில் வந்த, முகத்தை மூடிய, இளைஞர்கள். 2015இல் முகத்தை முழுதாக மூடுகிற ஹெல்மெற்றுகளைத் தடைசெய்யப் போவதாகப் பொலிஸ் சொல்லி, அது நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. ஹெல்மெற் போடாவிட்டாலும் பொலிஸ் பிடிக்கும். நுண்கடன் அறவிட வருகிறவனும் அதே கோலம், பார்சல் கொண்டு வருகிறவனும் அதே கோலம். சைக்கிளில் வந்த மனிதருக்கு வெறும் தலை. ஒழுங்கை முகப்பில் திரும்பும்போதே முகம் தெரியும், அண்டைக்கு நல்ல செய்தியோ இல்லையோ என்பதுகூட ஓரளவு தெரியும். கடிதம் இருந்தால் தூரத்திலேயே உயர்த்திக் காட்டுவார், சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட அந்த வெளிநாட்டு உறையின் விளிம்பை. அம்மா பத்து மணியிலிருந்து படலையில் நிற்பார்.

ஹெல்மெற் மட்டுமே காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. அண்ணா இப்போது தினமும் வட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறார். தபாலில் வருவதெல்லாம் வங்கி, காப்புறுதி, எப்போதாவது ஒரு நீதிமன்றக் கடிதம். எதையும் எதிர்பாராத வீட்டுக் கேற்றை ஒருவன் தட்டினால், அவன் பட்டுக்குஞ்சம் கட்டி வந்தாலும் சந்தேகம்தான் வரும்.

அதற்காக அந்தப் பொடியனுக்கு ஒரு சேட் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்கவேண்டும். பதிலாள் என்றாலும் அவன் கொண்டு வருவது அதே கடிதம்தான், நாயும் அதே நாய்தான். ஆனால் படலைக்குப் பின்னால் நிற்கிற கிழவிக்கு ஐம்பது யார் தூரத்தில் தெரியவேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காக அந்தச் சேட் இருக்கட்டும். காக்கி மட்டும் வேண்டாம். பருத்தியாக இருந்தால் நல்லது. பங்குனி வெய்யிலில் பொலியஸ்ரர் போட்டுக்கொண்டு ஒரு மைல் சைக்கிள் மிதித்துப் பார்த்துவிட்டுத் துணி தெரிவு செய்யுங்கள் என்று சொல்ல ஆசை. என்னை யார் கேட்கப் போகிறார்கள்.

பேஸ்புக் பதிவின் கீழே, நான் எழுதிய சேட்டின் நிறம் பிழை, அது வெள்ளை என்று ஒரு வரி சேர்த்தேன். ஒருவரும் லைக் போடவில்லை. ரொறன்ரோச் சிநேகிதன் மட்டும், "இல்லையடா, காக்கிதான், எனக்கு நல்ல ஞாபகம்" என்று எழுதினான்.

பொடியனைத் திரும்பச் சந்தித்தபோது உடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எங்கட வீட்டு வாசலில மட்டும் ஹெல்மெற்றைக் கழட்டிப்போட்டுக் கூப்பிடும் தம்பி. அம்மா பயப்பிடுறா" என்றேன். "முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை" என்றான். அதிலிருந்து அப்படித்தான் செய்கிறான். மார்கழியில் வாடை மழை விடாமல் கொட்டியபோது எங்கேயோ ஒரு செம்மஞ்சள் மழைக்கோட்டு வாங்கிவிட்டான். ஒரு தோள் கிழிந்து, அதில் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. அம்மா யன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டு, "மஞ்சள் கோட்டுப் பொடியன் வாறான், கேற்றைத் திற" என்றார்.

நான் போய்த் திறப்பதற்குள் அவரே குடையோடு இறங்கிவிட்டார். பொடியன் ஹெல்மெற்றைக் கழற்றிக் கண்ணாடியில் கொழுவிவிட்டு, கோட்டுக்குள் கையை விட்டு ஒரு உறையை எடுத்தான். வங்கி. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லண்டனிலயிருந்து ஒண்டும் இல்லையோ மோனை?"

"இல்லை அம்மம்மா."

"சரி. நனையாமல் போ."